அவங்க வீட்டுக்கு யார் சொன்னாங்க?

நாங்கள் முதன்முதலில் செய்து வெளியிட்ட கணினி விளையாட்டுக்கு வந்த கருத்துகளில் பெரும்பாலானவை 'சூப்பர் ப்ரோ' ரகம். இரண்டு பேர் காசு வீண் என்று திட்டியிருந்தார்கள். அது இலவச விளையாட்டு என்பதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. இவற்றுக்கு நடுவே ஒரு வரி மட்டும் தனியாகக் கிடந்தது. "அந்த மதகுக் காவலாளி வீட்டுக்கு யார் சேதி சொன்னாங்க?"

கதை இதுதான். ஒரு மந்திரவாதி அரசன் ஆற்றை ஏழு மதகுகளுக்குப் பின்னால் சிறை வைத்திருக்கிறான். நாயகன் ஒவ்வொரு மதகாகத் திறந்துகொண்டு போகவேண்டும். முதல் மதகில் ஒரு காவலாளி நிற்பான். அவனைப் பின்னாலிருந்து குத்தினால் சாவி கிடைக்கும். அவ்வளவுதான் அவன் வேலை. எனக்கு வாய்த் துடுக்கு அதிகம் என்பதால், "அவருக்கு வீடே கிடையாதுங்க, வெறும் காவலாளி" என்று பதில் போட்டேன். அடுத்த நிமிடமே மறுபதில் வந்தது.

"வீடு இல்லாதவருக்குப் பக்கத்துல தூக்குவாளி எப்படி வந்துச்சு? மூடியில துணி வேற கட்டியிருக்கு. கட்டிக் குடுத்தது யாரு?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காவலாளியின் காலடியில், மதகுச் சுவரோரமாக, தூக்குவாளி இருக்கத்தான் செய்தது. எங்களுக்கு ஓவியம் வரைகிற கதிரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"எங்கப்பா வயலுக்கு எடுத்துட்டுப் போறதுண்ணே. அந்த எடம் காலியா கெடந்துச்சேன்னு சும்மா வரைஞ்சேன்."

அந்த ஒரு வரியை எழுதியவரைத்தான் பிறகு நாங்கள் எழுத்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம். எங்கள் அலுவலகம் மன்னார்குடியில் ஓர் உரக்கடை மாடி அறை. யூரியா மூட்டையும் பூச்சிமருந்தும் சேர்ந்த ஒரு நெடி எப்போதும் படியேறி வந்துகொண்டே இருக்கும். பகலில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மிட்டாய் உடைக்கிற விளையாட்டுகளை ஒட்டுப்போட்டுச் சம்பாதித்து, மிச்ச நேரத்தில் எங்கள் சொந்தக் கதையைச் செய்வோம். நான் நிரல் எழுதுவேன், கதிர் வரைவான். திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த அவர் கதை எழுதினார். முதல் நாள் கூட்டிவந்து விட்ட அவருடைய தம்பி, படிக்கட்டிலிருந்தே "லாத்தா, சாயங்காலம் போன் பண்ணுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து எங்களுக்கும் அவர் லாத்தா ஆகிவிட்டார்.

நாற்பது வயதிருக்கும். முக்காட்டை ஓர் ஊசியால் இறுக்கிக் குத்தியிருப்பார். கணினியில் தட்டச்சு செய்யமாட்டார், பக்கம் பக்கமான வசனங்களையும் போனில் ஒற்றைக் கட்டைவிரலால்தான் அடிப்பார். வேகத்தில் நான் அவரிடம் நிற்க முடியாது. வெளிநாட்டு மாயக்கதைத் தொடர்கள், செங்கல் கனமுள்ளவை, அத்தனையையும் அந்தப் போனிலேயே படித்து முடித்திருந்தார். வாளும் டிராகனும் வருகிற பெரிய விளையாட்டுகள் எதையும் விட்டுவைக்கவில்லை. அவற்றைப் பற்றி நானும் கதிரும் வாய் ஓயாமல் பேசும்போது அவரும் நன்றாகத்தான் பேசுவார். எந்தப் பாகத்தில் எந்த ராணி யாருக்குத் துரோகம் செய்தாள் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். ஆனால் கடைசியில் பேச்சு எப்படியோ அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்துவிடும்.

"பாலத்துச் சண்டையில பத்தாயிரம் பேர் செத்தாங்கன்னு எழுதியிருக்காரு. அடுத்த பக்கத்துல ராஜா ஆட்டுக்கறி சாப்பிடுறாரு. அந்தப் பத்தாயிரம் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னாங்க?"

"லாத்தா, அது யுத்தம். யுத்தத்துல சாவாங்கதான்."

"சாகட்டும். நான் அதைக் கேக்கல. சேதியைத்தான் கேக்கறேன்."

அவர் விளையாடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு கொள்ளைக்காரனை வெட்டிச் சாய்த்துவிட்டு, போகவேண்டிய கோட்டைப் பக்கம் போகாமல், குதிரையைத் திருப்பிக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்குப் போவார். ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று கதவைத் தட்டுவார். திறக்காது. திறக்கும்படி யாரும் செய்து வைக்கவில்லை. "அது வெறும் சுவர் லாத்தா, உள்ளே ஒண்ணுமே இருக்காது" என்று நான் சொன்னால், "உங்களுக்குத் தெரியும். தட்டுறவளுக்குத் தெரியாதுல்ல" என்பார். நாங்கள் அவரை நிறையக் கிண்டல் செய்திருக்கிறோம். டீ கொண்டுவருகிறவர் கை தவறி ஒரு கிளாஸை உடைத்தால்கூட, கிளாஸ் வீட்டுக்கு யார் சேதி சொல்வது என்று கதிர் கேட்பான். லாத்தாவும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் இரண்டாவது முயற்சி, அதே ஏழு மதகுக் கதையை வைத்து ஒரு காட்சி நாவல். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதில் படம் நிற்கும், வசனம் நகரும். நடுவே ஆங்காங்கே இதைச் செய்வதா அதைச் செய்வதா என்று கேட்கும். நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். தப்பான கிளையில் போனால் நாயகன் செத்துவிடுவான், பழைய இடத்துக்குத் திரும்பி மறுபடி தொடங்கலாம். வழக்கமாக அந்த மாதிரி முடிவுகளுக்கு ஒரு கறுப்புத் திரையும் ஒரு வரியும் போதும். லாத்தா அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் எழுதவே தொடங்கினார். நாயகன் நான்காவது மதகில் மூழ்கிச் செத்தால், அவனுடைய மாட்டை யார் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனது, வழியில் யார் பார்த்தது, அவன் தாய் அப்போது என்ன வேலையாக இருந்தாள், முதல் வார்த்தையை யார் வாய் திறந்து சொன்னது என்று நீளும். பூதங்களும் மந்திரமும் உள்ள உலகத்தில் அந்தப் பகுதி மட்டும் நம் பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும். படிக்கும்போது எனக்குப் பிடிக்கும், படித்து முடித்தபின் சோறு இறங்காது.

வெள்ளோட்டம் பார்த்த பையன் ஒருவன், "செத்ததுக்கு அப்புறமும் இவ்ளோ நேரம் கிளிக் பண்ணணுமா ப்ரோ?" என்று கேட்டான். தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்துவிடலாம் என்றேன். லாத்தா, "வச்சுக்குங்க. ஆனா அதை அமுக்குனா, 'யாரும் சொல்லவில்லை'ன்னு ஒரு வரி மட்டும் வரட்டும்" என்றார். வைத்தோம். அந்த வரியைப் பார்த்த பிறகு அதே பையன் பொத்தானை அமுக்குவதை விட்டுவிட்டான்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு சண்டையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மதகுக் காவலாளியின் கதையை இந்த முறை விரிவாக எழுதியிருந்தார். அவன் மனைவியிடம் சேதி சொல்ல ஒரு தூதன் போகிறான். கதிருக்கு அந்தக் காட்சி கொடூரமாகப் பட்டது. "வந்தவுடனே செத்துட்டான்னா சொல்லுவாங்க? அடிபட்டிருக்கான், தூக்கிட்டு வர்றாங்கன்னு சொல்ல வைங்க லாத்தா. நம்ம ஊர்ல அப்படித்தானே" என்றான். லாத்தா போனைக் கீழே வைத்தார்.

"ஆமா. நம்ம ஊர்ல அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."

அவர் கணவர் சபரில் இருந்தவர். வெளிநாட்டில் பிழைப்பதை அவர்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே டிரைவர் வேலை. ஒருநாள் அறையில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. மையித்தை, அதாவது உடலை, ஊருக்குக் கொண்டுவர, காகிதங்கள் எல்லாம் சரியாக, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை இவரால் தாங்க முடியாது என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்து, "மச்சான் லீவுல வர்றாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். போன் ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றார்கள்.

"நான் வீட்டையெல்லாம் கழுவுனேன். மருதாணி வச்சுக்கிட்டேன். எறா வாங்குனேன். அந்த மீன்காரரு ஒருநாளும் அஞ்சு ரூபா கொறைக்க மாட்டாரு. அன்னிக்குப் பேரமே பேசாம, கேட்ட வெலைக்குக் குடுத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டுப் போனாரு. அப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்கணும். தெருவுல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். என் பொண்ணு கூடப் படிச்ச புள்ளைங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. நான் சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கேன். எல்லாரும் அதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க."

ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பியபோது, ஏர்போர்ட்டிலிருந்து வருகிற வேன் என்று நினைத்து வாசலுக்கு ஓடியிருக்கிறார். மருதாணி சிவந்த கையோடு கணவரின் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"அவங்க மவுத்தானதை ஒத்துக்கிட்டேன். அது அல்லா குடுத்தது. அந்த ரெண்டு வாரம் நான் சிரிச்சேன் பாருங்க, அதை இவங்க குடுத்தாங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியல."

தூதன் நேராகவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். கிளாஸ் உடைகிற கிண்டலும் அன்றோடு நின்றது.

கதிரின் ஊர் பூதலூர்ப் பக்கம். திங்கட்கிழமை வந்தால் வாரம் முழுக்க எங்கள் அறையிலேயே தங்கிவிடுவான். அப்படி ஒருநாள் பகல் பதினோரு மணி வாக்கில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஏதோ வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவன் போனை எடுக்காததால் அவனுடைய சித்தப்பா எனக்கு அழைத்தார். நான் பேசுவதற்காகப் படிக்கட்டுக்கு வந்தேன்.

"தம்பி, அண்ணன் போயிட்டாருப்பா. மோட்டார் கொட்டாயில கரண்டு அடிச்சிருச்சு. வீட்டுலதான் வச்சிருக்கோம். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. ஒடம்பு முடியல, ஆஸ்பத்திரியில இருக்காருன்னு சொல்லி, எப்படியாவது கூட்டியாந்துடுங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? நம்மில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வோம். அதே நேரம் லாத்தா பஸ்ஸிலிருந்து இறங்கிப் படியேறி வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தே நின்றுவிட்டார். சொன்னேன். "அவன்கிட்ட?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா சொன்னதைச் சொன்னேன். மேலே போனார். நான் காருக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

"கதிரு, அப்பாவுக்கு லேசா ஒடம்பு முடியலையாம். கெளம்பு, போயிட்டு வந்துடலாம்."

"என்னண்ணே? காலையிலகூடப் பேசினாரே. எந்த ஆஸ்பத்திரி?"

"தஞ்சாவூர்லதான்."

அவன் சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். "அவருக்கு ஊசின்னா பயம்ணே. நான் பக்கத்துல நின்னாத்தான் கையையே நீட்டுவாரு" என்று சொல்லி லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். லாத்தாவும் பார்த்தார்.

"கதிரு, முதல்ல உக்காரு" என்றார்.

"இல்ல லாத்தா, நேரமாச்சு."

"உக்காருப்பா." அவன் உட்கார்ந்ததும் அவன் எதிரில் தரையில் தானும் உட்கார்ந்தார். "உங்கப்பா எறந்துட்டாங்க. வயல்ல மோட்டார் போடப் போனப்ப கரண்டு அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல. வீட்டுலதான் வச்சிருக்காங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவன் போட்ட கூச்சலில் கீழே உரக்கடையில் இருந்தவர்கள் படியேறி ஓடிவந்துவிட்டார்கள். லாத்தா அவன் கையைப் பிடிக்கப் போனார். உதறிவிட்டான். கார் வந்ததும் அவரும் ஏற வந்தார். "நீங்க வரக்கூடாது" என்று கதவைச் சாத்தினான். திரும்பிப் பார்த்தபோது லாத்தா உரமூட்டைகளுக்குப் பக்கத்தில், கையில் அவனுடைய செருப்போடு நின்றிருந்தார். அவன் வெறுங்காலோடு ஏறியிருந்தான்.

எனக்கு அவர்மேல் கடுங்கோபம். காரில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் தலையைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டே வந்தான். வீட்டில், வயலிலிருந்து எடுத்துவந்த அவன் அப்பாவின் தூக்குவாளி திறக்கப்படாமல் ஜன்னலில் இருந்தது, மூடியில் துணி கட்டியபடி. கதிர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவைத் தூக்கிப் போகிறவரை கீழே வைக்கவே இல்லை.

கருமாதி எல்லாம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பி வந்தான். லாத்தா இருக்கிற நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் என்னிடம் மனம்விட்டுச் சொன்னான்.

"கார்ல போன நேரம் முழுக்க எங்கப்பா எனக்கு உயிரோட இருந்திருப்பாருண்ணே. ஊசி போட்டாங்களா, டாக்டர் என்ன சொல்றாருன்னு கவலைப்பட்டுக்கிட்டே போயிருப்பேன். அந்த நேரத்தை அவங்க என்கிட்டேருந்து எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு நடந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

லாத்தா சொன்னதும் நியாயம்தான், இவன் கேட்பதும் நியாயம்தான். நான் இதை லாத்தாவிடம் சொன்னேன்.

"எடுத்துக்கிட்டேன்தான். எனக்கு வேணாம்னு கெடக்குற ரெண்டு வாரத்தை அவனுக்குக் குடுக்க முடிஞ்சா குடுத்திருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதன்பின் அவர் வருவதை நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்தே எழுதி அனுப்பினார். கதிர் எல்லாக் காட்சிகளுக்கும் வரைந்தான், காவலாளி வீட்டுக்குத் தூதன் வருகிற காட்சிக்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டான். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வேறு வழியில்லாமல் கறுப்புத் திரையில் வெறும் வசனம் மட்டும் ஓடும்படி விட்டு வெளியிட்டோம். பார்த்தவர்கள் அதை நாங்கள் யோசித்துச் செய்த உத்தி என்று நினைத்துப் பாராட்டினார்கள். லாத்தா மட்டும் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். "கதவு இன்னும் திறக்கல போல."

கதிர் பிறகு துபாயில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போய்விட்டான். நான் உரக்கடை மாடியைக் காலிசெய்து தஞ்சாவூருக்கே வந்துவிட்டேன். லாத்தா ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு வரி அனுப்புவார். அதன் அடியில் தவறாமல், "கதிர் நல்லா இருக்கானா?" என்று இருக்கும். நல்லா இருக்கான் என்று பதில் போடுவேன். அவனிடம் ஒருமுறை சொன்னேன். "ம்" என்றான்.

போன மாதம் ஒருநாள் காலை அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது அவர் மகள்.

"அங்கிள், உம்மா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலையில, சுபுஹு நேரத்துல. ரொம்ப நாளா சிறுநீரகம் சரியில்லாம இருந்துச்சு. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அந்தப் பெண் அழவில்லை, நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள். "யார் யாருக்கு நேரா சொல்லணும்னு உம்மா முன்னாடியே என்கிட்ட சொல்லி வச்சிருந்தாங்க. கதிர்னு ஒருத்தருக்கும் சொல்லணும்னாங்க. அவரு நம்பர் எங்ககிட்ட இல்ல. நீங்க சொல்லிடுறீங்களா?"

சொல்கிறேன் என்றேன். திருத்துறைப்பூண்டி பஸ்ஸுக்காக நிற்கும்போது கதிருக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன், "சொல்லுங்கண்ணே, என்ன அதிசயமா காலையிலேயே?" என்று உற்சாகமாகக் கேட்டான். பின்னால் சாலை இரைச்சல். சொல்லவேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"கதிரு, லாத்தாவுக்கு ஒடம்பு முடியலப்பா. ஆஸ்பத்திரியில..."

கார் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"நேரா சொல்லுங்கண்ணே" என்றான்.

சொன்னேன். எப்போது என்று கேட்டான். மகள் கூப்பிட்டதையும், அவனுக்குச் சொல்லவேண்டும் என்று லாத்தா சொல்லி வைத்திருந்ததையும் சொன்னேன்.

"நான் அவங்ககூட ஒரு வார்த்தை பேசலண்ணே. அதுக்கப்புறம் பேசவே இல்ல." என்றான். "ரோட்டுல நின்னுக்கிட்டிருக்கேன். லாத்தாவா இருந்தா முதல்ல உக்காரச் சொல்லியிருப்பாங்க."

"உக்காருப்பா" என்றேன்.

அவன் எங்கேயோ நடந்து போய் உட்காருகிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.